தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளைக்கு வீட்டை மாற்றியமைத்தல்: எதை முதலில், எதைப் பிறகு

என் மகனுக்கு டுஷேன் வகைத் தசைச்சிதைவு நோய். ஆறு வயதில் தெரிந்தது, பதினொன்றில் நடை நின்றது, இப்போது பதினாறு. எங்கள் வீட்டை மூன்று முறை இடித்துக் கட்டினோம். ஒழுங்காக யோசித்திருந்தால் ஒரு முறையோடு முடிந்திருக்கும். அதன்பிறகு தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பல வீடுகளுக்கு அளவு டேப்போடு போய்வந்துவிட்டேன். பெரும்பாலும் ஒரே காட்சிதான். வாசலில் புதுச் சிமெண்ட் சாய்தளம் பளிச்சென்று இருக்கும். உள்ளே குளியலறைக் கதவில் நாற்காலி நுழையாது. பையன் தெருவுக்குப் போவது நாளைக்கு ஒரு முறை. கழிப்பறைக்குப் போவது ஐந்து முறை.

டுஷேன் நோயை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இடுப்பையும் தோளையும் தாக்கும் மற்ற வகைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நோயின் வேகம்தான் வேறுபடும். மருந்து விஷயம் உங்கள் மருத்துவருடையது, வீடு நம்முடையது.

1. கொத்தனாரைக் கூப்பிடும் முன் டேப்பை எடுங்கள்

பிள்ளையின் அளவுகளை நோட்டில் எழுதுங்கள்: உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம், முழங்கால் மடிப்பிலிருந்து பாதம் வரை, முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, இருக்கையிலிருந்து முழங்கை வரை, எடை. அடுத்து வீட்டின் அளவுகள்: ஒவ்வொரு கதவின் உள்ளகலம், நிலைப்படிகளின் உயரம், கழிப்பறையின் நீள அகலம், கட்டிலின் உயரம்.

கதவை அளக்கும்போது கவனம் தேவை. கொத்தனார் ‘மூன்றடி நிலை’ என்பது வெளியளவு. இரு பக்கமும் சட்டத்தைக் கழித்தால் 30 அங்குலம்தான் மிஞ்சும். திறந்து நிற்கும் கதவின் கனம் அதிலும் ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிடும். கதவைத் திறந்து வைத்துவிட்டு, கதவுக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் இடையில் அளந்தால் வருவதே உண்மையான அளவு.

பிறகு மூன்று நாள் ஒரு வேலை செய்யுங்கள். அவன் எத்தனை முறை எழுகிறான், எங்கிருந்து, யார் தூக்கிவிடுகிறார்கள், எங்கே விழுந்தான் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். எதை முதலில் மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். பையனிடமும் கேளுங்கள். எனக்குச் சாய்தளம் பெரிதாகத் தெரிந்தது. அவனுக்கு, தங்கையைக் கூப்பிடாமல் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும் என்பதுதான் பெரிது.

இந்த நோய் ஒரு வரிசையில் வருகிறது. முதலில் இடுப்பும் தொடையும். தரையிலிருந்து எழவும் படியேறவும் சிரமம். பிறகு நடை போகும். அடுத்து தோள், மேல்கை. மூச்சும் இதயமும் பெரும்பாலும் அதன்பின் தொல்லை தரும். ஆகவே இன்றைய உடம்புக்குக் கட்டாதீர்கள், இரண்டு வருடம் கழித்து இருக்கப்போகும் உடம்புக்குக் கட்டுங்கள். இதைச் சொன்னால் பல பெற்றோருக்கு முகம் மாறிவிடுகிறது. எனக்கும் மாறியது. அந்தத் தயக்கத்துக்கு நான் கொடுத்த விலை இரண்டு முறை கொத்துக் கூலி.

2. விண்ணப்பங்களை முதல் வாரமே போட்டுவிடுங்கள்

அலுவலகக் காகிதம் நடக்க மாதங்கள் ஆகும். கட்டட வேலை முடிந்தபின் போட்டால் நாற்காலி ஒரு வருடம் தள்ளிப்போகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. மருத்துவச் சான்றும் யுடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வாங்கினால் மற்றவை பின்தொடரும். தமிழ்நாட்டில் தசைச்சிதைவு நோயாளிகளுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 2,000 ரூபாய் ஆனது. பேட்டரி சக்கர நாற்காலிக்கும் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஐந்து நகல் எடுத்து ஒரே கோப்பில் போடுங்கள். தேதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

3. தரை வாழ்க்கையை நிறுத்துங்கள்

நாம் தரையில் சாப்பிடுகிறோம், தரையில் படுக்கிறோம், தரையில் உட்கார்ந்து படிக்கிறோம். இந்தப் பிள்ளைக்குத் தரைதான் மிகவும் தூரமான இடம். தொடையில் கையூன்றி, தன் மேலேயே ஏறுவதுபோல எழுகிறானே, அந்த ஒவ்வொரு எழுகையிலும் ஒரு நாளின் தெம்பு கரைகிறது.

ஆகவே நடமாடும் காலத்திலேயே எல்லாவற்றையும் உயர்த்துங்கள். இருக்கையின் உயரம் முழங்கால் மடிப்பு அளவைவிட நாலு அங்குலம் அதிகமாக இருந்தால் எழுவது எளிது. பணம் செலவழிக்காமல் இதைச் சோதிக்கலாம்: கையுள்ள பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிப் பாருங்கள், உயரமும் கூடும், ஆட்டமும் குறையும். மெத்தென்ற சோபா கூடாது. அதில் அமிழ்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும்.

விழுவதைத் தடுப்பதும் இந்தக் கட்டத்து வேலை. கால்மிதி, பாய் ஓரம், ஈரத் தரை, குறுக்கே போகும் ஒயர் எல்லாவற்றையும் அகற்றுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தால் எலும்பு மெலிந்திருக்கும். நடந்துகொண்டிருக்கும் பிள்ளை கால் முறிந்து சில வாரம் படுத்துவிட்டால், எலும்பு கூடினாலும் நடை திரும்பாமல் போகக்கூடும்.

“தினமும் மாடிப்படி ஏறி இறங்கினால் கால் பலப்படும்” என்று சொல்ல உறவில் ஒருவர் நிச்சயம் இருப்பார். இந்த நோயில் அது தவறு. படியிறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. ஏற்கெனவே நலிந்த தசை இழை அதில் இன்னும் கிழியும். நீச்சலும், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் குதிகால் நீட்டும் பயிற்சியும் போதும்.

4. கழிப்பறையும் குளியலறையும்

பணம் இருப்பது ஒரு வேலைக்குத்தான் என்றால், இந்த வேலையைச் செய்யுங்கள்.

முதலில் கதவு. அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே திறக்கும் கதவின் பின்னால் பையன் விழுந்து கிடந்தால், அவனை இடிக்காமல் திறக்க வழியே இல்லை. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டைப் போடுங்கள். கழற்றியதோடு விட்டுவிடாதீர்கள், வளர்ந்த பையனுக்கு அந்தரங்கம் உண்டு.

இரண்டாவது, இடம். நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி வெற்றிடம் வேண்டும். பழைய வீடுகளில் கழிப்பறையும் குளியலறையும் அடுத்தடுத்துத் தனியாக இருக்கும். நடுச்சுவரை எடுத்தால் போதுமான இடம் கிடைக்கும். சுவர் பாரம் தாங்குகிறதா என்று பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

மூன்றாவது, கோப்பை. இதில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். நடந்துகொண்டிருந்தபோது எழ வசதியாக இருக்கட்டும் என்று வெஸ்டர்ன் கோப்பைக்கு அடியில் நாலு அங்குலச் சிமெண்ட் மேடை கட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. மூன்று வருடம் கழித்து, நடுவில் துளையும் அடியில் சக்கரமும் வைத்த குளியல் நாற்காலி வாங்கிவந்தோம். அதைப் பின்னால் தள்ளிக் கோப்பைக்கு மேல் நிறுத்த வேண்டும். நாற்காலிக்கு அடியில் 17 அங்குலம் இடைவெளி. கோப்பை 20 அங்குலம். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மேடையை உடைத்தோம், கோப்பையும் சேர்ந்து உடைந்தது.

எனவே உயரம் வேண்டுமென்றால் கோப்பையின் மேல் வைத்து எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் உயர இருக்கையை வாங்குங்கள். சிமெண்ட் வேண்டாம்.

நாலாவது, கைப்பிடி. சுவரில் உயரமாகப் பதித்த கம்பியைப் பிடித்து மேலே இழுத்து எழுவது தோள் பலம் உள்ளவர்களுக்குத்தான். இந்தப் பிள்ளைகளுக்குக் காலை அடுத்துத் தோளும் தளர்கிறது. கீழே அழுத்தி எழும்படி, உட்காரும் இடத்தின் இரு பக்கமும் கைதாங்கி போல வரும் கம்பிதான் பயன்படும். அதையும் செங்கற்சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பதித்தபின் வீட்டில் எடை அதிகமானவர் தொங்கிப் பார்க்கட்டும்.

சொரசொரப்பான தரை ஓடு, கைக்கெட்டும் உயரத்தில் கைத்தெளிப்பான், வாளியும் குவளையும் போய் கையில் பிடிக்கும் ஷவர். கீசரின் சூட்டைக் குறைத்து வையுங்கள்: தண்ணீர் சுட்டால் நாம் சட்டென்று விலகுவோம், அவனால் விலக முடியாது.

கடைசியாக ஒரு பொருள், விலை சில நூறு ரூபாய். ஒருநாள் மாலை நான் கடைக்குப் போய்வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவன் எழ முடியாமல் கோப்பையிலேயே இருந்திருக்கிறான். வீட்டில் தங்கையும் அவள் தோழியும் இருந்ததால் குரல் கொடுக்கவில்லை. கால் இரண்டும் நீலம் பாய்ந்திருந்தன. மறுநாள், வாசலுக்கு மாட்டுகிற வயர்லெஸ் காலிங் பெல் ஒன்றை வாங்கினேன். பொத்தான் அவன் கழுத்தில், மணி என் இடுப்பில்.

5. சக்கர நாற்காலி: உட்காருவதற்கா, சாய்வதற்கா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் மடக்கு நாற்காலியை அப்படியே வாங்கிவிடுவது மிகவும் பரவலான தவறு. அதன் ரெக்ஸின் இருக்கை சில மாதத்தில் தொட்டிலாகத் தொய்யும். இடுப்பு ஒரு பக்கம் சரியும், முதுகெலும்பு வளையும். நடை நின்றபின் முதுகு வளைவது இந்த நோயில் ஏற்கெனவே பெரிய ஆபத்து.

இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் மட்டும் கூடலாம். “வளரும் பிள்ளை, பெரிதாகவே இருக்கட்டும்” என்று சட்டை வாங்குவதுபோல் வாங்கினால், அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்வான். கெட்டியான அடிப்பலகை, அதன்மேல் நல்ல மெத்தை, பக்கத் தாங்கிகள், பாதம் தொங்காத காற்பலகை. இத்தனையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கைத் தசை தளரும் முன்பே பேட்டரி நாற்காலிக்குப் பழக்குங்கள். எங்கள் மகன் முதல் வாரத்தில் இரண்டு பூந்தொட்டிகளையும் ஒரு கதவையும் பதம்பார்த்தான். அந்த வாரம்தான், வருடங்களுக்குப் பிறகு, யாரிடமும் கேட்காமல் மொட்டை வெயிலில் வாசலில் போய் நின்றான். திட்ட மனம் வரவில்லை.

6. நிலைப்படி, பிறகு சாய்தளம்

நாற்காலி வீட்டுக்கு வந்த பிறகே கதவைத் தொடுங்கள். வெளியகலத்தோடு விரல் முட்டிகளுக்கு இரு பக்கமும் ஓரிரு அங்குலம் சேர்த்து அளவு எடுங்கள். புதிதாக நிலை வைப்பதென்றால் உள்ளகலம் 36 அங்குலம் இருக்கட்டும்.

நிலைப்படியை அறுக்க வேண்டும் என்றதும் எங்கள் வீட்டில் மாமியார் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படி அது. சண்டை போடாமல், படிக்கு முன்னும் பின்னும் மரத்தச்சரிடம் இரண்டு சரிவுக் கட்டைகள் செய்து வைத்தோம். நாற்காலி படியில் முட்டாமலே ஏறி இறங்குகிறது, மஞ்சளும் நடக்கிறது.

சாய்தளத்துக்கு ஒரே கணக்கு: உயரம் ஓர் அங்குலத்துக்கு நீளம் ஓர் அடி. வாசல் தெருவிலிருந்து இரண்டடி உயரம் என்றால் 24 அடி வேண்டும். கொத்தனார்கள் பைக் ஏற்றும் சரிவைப் போட்டுவிட்டு “இதுவும் அதுதானே” என்பார்கள். அது அல்ல. அந்தச் செங்குத்தில் நாற்காலி பின்பக்கமாக மல்லாந்துவிடும். முன்வாசலில் நீளம் கிடைக்கவில்லையென்றால் பக்கச் சந்து, கொல்லைப்புறம் எல்லாம் பாருங்கள், அல்லது பாதியில் திருப்பிக் கட்டுங்கள். திரும்பும் இடத்திலும் கதவுக்கு முன்னாலும் ஐந்தடிச் சமதளம் விடுங்கள். மேலே ஓடு பதிக்க வேண்டாம். ஈரச் சிமெண்டில் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தால் போதும். ஓரங்களில் மூன்று அங்குலத் தடுப்பு அவசியம்.

7. தூக்கும் முறை

அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தோள் தசை இறுகாது, கை மேலே போகும், பிள்ளை சட்டைக்குள்ளிருந்து நழுவுவதுபோல் கீழே போவான். விருந்தாளிகள் உதவ வரும்போது இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒருவர் தூக்குவதென்றால் ஒரு கை முதுகைச் சுற்றி, மறுகை முழங்கால்களுக்கு அடியில். 25 கிலோவைத் தாண்டினால் இருவர். நான் 38 கிலோ வரை தனியாகத் தூக்கினேன். என் முதுகில் வட்டு விலகி இருபது நாள் படுத்தேன், அந்த இருபது நாளும் அவனைத் தூக்க ஆளில்லை. தாயின் முதுகும் இந்த வீட்டின் கருவிதான்.

தூக்குவதைக் குறைக்க மலிவான வழி, கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருப்பது. நடுவில் வழவழப்பாகத் தேய்த்த பிளைவுட் பலகை ஒன்றை வைத்து நகர்த்தலாம். பிறகு, துணித் தொட்டிலோடு வரும் தூக்கு கருவி. வாங்குமுன் அதன் கால்கள் உங்கள் கட்டிலுக்கு அடியில் நுழையுமா என்று பாருங்கள். பெட்டிக் கட்டில் என்றால் நுழையாது.

8. இரவு

பகலைவிட இரவுதான் குடும்பத்தைக் களைப்பாக்குகிறது. புரண்டு படுக்க முடியாத பிள்ளை இரவில் ஐந்தாறு முறை கூப்பிடுவான். வழவழப்பான சாட்டின் விரிப்பைப் போட்டால் சிறிது தள்ளினாலே திரும்புகிறான். கனமான போர்வை அவனுக்குச் சுமை. மெல்லிய பருத்தி போதும். கொசுவலை கட்டாயம். கடிக்கிற கொசுவை அடிக்கவும், கடித்த இடத்தைச் சொறியவும் முடியாதவனுக்குக் கொசு வெறும் தொல்லையோடு நிற்பதில்லை.

காலையில் தலைவலி, பகலில் தூக்கம், கெட்ட கனவு, காலைச் சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவை வந்தால் “ராத்திரி போன் பார்த்தான்” என்று விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு ஆழம் குறைவதன் அடையாளமாக இருக்கலாம். நுரையீரல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முகமூடி வழியாக மூச்சுக்குத் துணைசெய்யும் பைபேப் கருவி வந்தால், முதல் நாளே இன்வெர்ட்டரில் அதற்குத் தனி இணைப்பு கொடுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஓர் இரவு முழுக்க ஓடுகிறதா என்று, நீங்கள் விழித்திருந்து சோதியுங்கள்.

9. கை, தட்டு, பள்ளி

சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை என்றதும் ஊட்டத் தொடங்கிவிடுகிறோம். அவசரம் வேண்டாம். மேசையை மார்பளவுக்கு உயர்த்தி, முழங்கையை அதன்மேல் ஊன்றச் சொல்லுங்கள். முன்கையை மட்டும் மடக்கினால் போதும், இன்னும் ஓரிரு வருடம் தானே சாப்பிடுவான். அகலத் தட்டுக்குப் பதில் கிண்ணம், தம்ளருக்குப் பதில் உறிஞ்சுகுழல், கனமில்லாத கரண்டி. கைப்பேசியில் தமிழிலேயே பேசித் தட்டச்சு செய்யப் பழக்குங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டியவை மூன்று: தரைத்தள வகுப்பு, கழிப்பறை வசதி, தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கழிப்பறைக்குப் போக வழியில்லாத பிள்ளை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவான். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொல்லையும் அங்கிருந்துதான் தொடங்கும். சிறுநீர்ப் புட்டி, முன்பக்கம் அகலத் திறக்கும் கால்சட்டை, உதவ ஒப்புக்கொண்ட ஓர் ஆயா அல்லது உதவியாளர். ஜூன் மாதத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

10. கதவின் பின்னால் ஒட்டும் தாள்

வீட்டில் ஒன்று, நாற்காலிப் பையில் ஒன்று, பள்ளியில் ஒன்று. பெரிய எழுத்தில், மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்து எழுதுங்கள்:

நோயின் பெயர். எடை. ஸ்டீராய்டின் பெயரும் அளவும். “திடீரென்று நிறுத்தக் கூடாது” என்ற வரியும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஏனெனில் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு ஹார்மோனைத் தானாகச் சுரக்க மறந்திருக்கும்.

மயக்க மருந்து: சக்சினைல்கோலின் கூடாது, மூச்சுவழி மயக்க வாயுக்கள் கூடாது. சிறிய அறுவைக்குப் போனாலும், பல் பிடுங்க மயக்கம் கொடுத்தாலும் இதைக் காட்டுங்கள்.

ஆக்சிஜன்: மூச்சுத் திணறினால் வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டுப் போகக் கூடாது, தளர்ந்த தசை வெளியேற்ற முடியாத கரியமில வாயு உள்ளே தேங்கும். மூச்சுக்குத் துணைக் கருவி தேவையா என்று பார்க்கச் சொல்லும் வரி இருக்கட்டும். பைபேப் இருந்தால் அதையும் 108 வண்டியில் ஏற்றுங்கள்.

விழுந்தபின் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீர் மூச்சுத் திணறலும் குழப்பமான பேச்சும் வந்தால், எலும்பு முறிந்ததாகத் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. எலும்பிலிருந்து கொழுப்பு இரத்தத்தில் கலந்திருக்கலாம்.

தாளின் அடியில் தேதி போடுங்கள். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் வீட்டை ஒழிக்கும்போது, எடையையும் மருந்தளவையும் திருத்திப் புதிதாக ஒட்டுகிறோம். அன்றைக்கே டேப்பை எடுத்து இடுப்பையும் முழங்காலையும் மறுபடி அளந்து பழைய நோட்டில் எழுதிவிடுகிறேன். இந்த ஆடியில் இடுப்பு ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. நாற்காலிக்கு மறுபடி விண்ணப்பம் போட வேண்டும்.